முப்பது நொடித் துணை

வீட்டிலிருந்து வேலை செய்வதும் கைப்பேசியில் குறுங்காணொளி பார்ப்பதும் தமிழ் வீடுகளுக்குள் ஒரே ஆண்டில் ஏறக்குறைய ஒன்றாகவே நிலைகொண்டன. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு. ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை. அந்த இடம் அதிக நாள் காலியாகக் கிடக்கவில்லை. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் வெள்ளோட்டம் விட்டது. நவம்பரில், பிபிஓ நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டில் இருத்தி வேலை வாங்குவதற்கு இருந்த பழைய கெடுபிடிகளைத் தொலைத்தொடர்புத் துறை தளர்த்தியது. யாரும் திட்டமிட்டுச் சேர்த்துவைத்த ஜோடி இல்லை இது. ஆனாலும் சென்னை ஓஎம்ஆர் கட்டடங்களை விட்டுக் கும்பகோணத்திலோ தென்காசியிலோ படுக்கையறை மூலையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தவர், லாகின் செய்வதற்கு முன் யாரோ ஒருவர் ‘எழுந்திரு, உன்னால் முடியும்’ என்று சொல்வதை ஒருமுறை கேட்டுக்கொள்வது இன்று சாதாரண நடப்பாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் உடம்பு சாயும்போது இன்னொரு முறை. மாலை டெட்லைன் நெருங்கும்போது மறுபடியும். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. நேரத்தைத் தின்னும் பழக்கம் என்று ஒரு கட்சி; கண்டதைப் பார்ப்பதற்கு நல்லதைப் பார்க்கிறார்களே என்று மறு கட்சி. அந்தக் காணொளி சொல்லும் செய்திதான் விஷயம் என்று நம்புவதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவர் அந்த முப்பது நொடியில் தேடுவது பக்கத்தில் ஓர் ஆளை. புத்திமதி அதற்கு ஒரு சாக்கு. அந்தத் துணையில் ஒரு சிட்டிகையைக் குறுங்காணொளியால் தர முடிகிறது. ஆனால் அது வந்து சேரும் ஏற்பாடு, தந்ததைவிட அதிகமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

அலுவலகம் என்ற இடம் சம்பளம் தவிர என்ன கொடுத்தது என்பதைக் கண்டுகொள்ள அதை இழந்து பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்ட் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் இதைப் பெருந்தொற்றுக்குப் பத்தாண்டு முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் சி-டிரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில், வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பி முன்வந்தவர்களைப் பிறந்த தேதியை வைத்துப் பிரித்தார்கள். இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவருக்கு வாரத்தில் நான்கு நாள் வீடு. ஒற்றைப்படைக்காரருக்கு வழக்கம்போல அலுவலகம். ஒன்பது மாதம் நடந்த இந்தச் சோதனையில் வீட்டுக்காரர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. அதில் பெரும்பகுதி இடைவேளையும் சிக் லீவும் குறைந்ததால் கிடைத்த கூடுதல் நிமிடங்கள். வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை பாதியானது. நிர்வாகத்துக்கு இதைவிட இனிப்பான முடிவு இருக்க முடியாது. ஆனால் சோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்று சொன்னதும், வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் சொன்ன முதன்மையான காரணம் தனிமை. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஊக்கம் அவரவர் நெஞ்சுக்குள் சுரப்பது என்றால், வீட்டில் கூடுதலாக வேலை செய்து காட்டியவர்களுக்கு அது நன்றாகவே சுரந்திருக்கிறது. பிறகு எதற்காக ஒருவர் அன்றாடப் பயணத்தை விலையாகக் கொடுத்துத் திரும்ப வேண்டும்? செய்து முடிக்கும் திறன் குறையாமலே செய்வதற்கான தெம்பு வற்றிப்போகலாம் என்பதுதான் அந்தப் பாதிப் பேரின் சாட்சியம்.

பக்கத்தில் ஆள் இருப்பது வேலையை என்ன செய்யும் என்ற கேள்வி உளவியலில் பழையது. 1898இல் நார்மன் டிரிப்லெட், தனியாக ஓட்டும் சைக்கிள் வீரர்களைவிடப் பக்கத்தில் ஆளோடு ஓட்டுகிறவர்கள் வேகமாகப் போவதைக் கவனித்து எழுதினார். 1969இல் ராபர்ட் ஸாயன்ஸும் கூட்டாளிகளும் இதைக் கரப்பான்பூச்சிகளை வைத்துப் பார்த்தார்கள். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடைக்காது. வெளிச்சத்தைக் கண்டு இருட்டுக்கு ஓட வேண்டிய நேர்ப்பாதையில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மற்றக் கரப்பான்கள் ‘பார்வையாளராக’ இருந்தபோது கரப்பான் வேகமாக ஓடியது. திருப்பம் உள்ள சிக்கலான பாதையில் அதே பார்வையாளர்களால் தடுமாறி மெதுவாகியது. கரப்பானுக்கு மானம் மரியாதை கிடையாது, மேலாளர் பயமும் இல்லை. வெறும் இருப்பே வேலை செய்திருக்கிறது; கை பழகிய வேலையை முடுக்கியும், புதிய வேலையைக் குழப்பியும். சி-டிரிப் ஊழியர்கள் செய்ததும் பழகிய வேலைதான். நம் வீடுகளில் டிக்கெட் முடிக்கிறவர்கள், எக்செல்லில் கணக்குச் சரிபார்க்கிறவர்கள், பாடப்புத்தகத்துக்குப் பிழை திருத்துகிறவர்கள் எல்லோரும் பெரும்பாலான நேரம் செய்வதும் அதே ரகம். அறிவுக்குச் சவால் விடும் வேலைக்குத் தனிமை வரம். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு அது சுமை. கைப்பேசியை நோக்கிக் கை நீளும் நேரங்களைக் கவனித்தால் பெரும்பாலும் இந்த இரண்டாம் ரக வேலையின் நடுவில்தான் நீளும்.

ஒழுங்குள்ளவனுக்கு இதெல்லாம் எதற்கு, கடமையைச் செய்யத் துணை கேட்பது சோம்பேறித்தனம் இல்லையா என்ற ஆட்சேபம் இங்கே வரும். வரலாறு தெரியாத ஆட்சேபம் இது. துணையில்லாத உழைப்பைத்தான் நம் முன்னோர் அறிந்ததில்லை. நீர் இறைக்க ஏற்றப்பாட்டு, நாற்று நடக் குலவையோடு நடவுப்பாட்டு, உலக்கை பிடிக்க வள்ளைப்பாட்டு. இந்த வள்ளைப்பாட்டு சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே இருக்கிறது. ஆலைத் தொழில் வந்த பிறகும் அந்தத் தேவை ஒழியவில்லை. 1865இல் ஹவானாவின் எல் ஃபீகாரோ சுருட்டு ஆலையில், வரிசையாக உட்கார்ந்து நாளெல்லாம் புகையிலை சுருட்டும் தொழிலாளர்கள் தங்களுக்கு வாசித்துக் காட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொண்டார்கள். ‘லெக்டர்’ என்று பெயர். கூடத்தில் உயரமான மேடை, அதில் நாற்காலி, கையில் செய்தித்தாள், பிறகு நாவல். கைகள் சுருட்டிக்கொண்டிருக்கும், காது மேடையிடம் இருக்கும். மறு ஆண்டே அரசு இதைத் தடை செய்தது. தொழிலாளர்கள் காதால் கற்றுக்கொண்டது அதிகாரத்துக்கு உவப்பாக இல்லை. தடை நிற்கவில்லை, வழக்கம் ஃப்ளோரிடாவின் டாம்பா வரை பரவியது, கியூபாவில் இன்றும் இருக்கிறது. லெக்டருக்குக் கூலி கொடுத்தது முதலாளி இல்லை, தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். மாண்டிகிரிஸ்டோ என்ற புகழ்பெற்ற சுருட்டின் பெயர், அப்படிக் கேட்டு அவர்கள் சொக்கிப்போன டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்பார்கள். இந்த மனிதர்களைச் சோம்பேறிகள் என்று யார் சொல்வது?

ஆக, துணை தேடுவதில் பிழையில்லை. கிடைக்கும் துணை எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. நம் ஊர் ‘மோட்டிவேஷன்’ காணொளி ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மெதுவாக நடந்துவரும் சிங்கம், அல்லது மழையில் ஓடும் ஒருவனின் முதுகு. பின்னணியில் ஏதோ ஒரு மாஸ் படத்தின் இசை. பேச்சாளர் ஒருவரின் மேடைப் பேச்சிலிருந்து வெட்டியெடுத்த குரல். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லாக மஞ்சள் எழுத்தில் திரையின் நடுவே குதிக்கும். ‘உன்னை அவமானப்படுத்தியவர்கள் ஒருநாள் உன் கதவைத் தட்டுவார்கள்.’ சொன்னதும் இசை உச்சத்துக்குப் போகும், சட்டென்று முதல் காட்சி மறுபடி தொடங்கும். முடிவும் தொடக்கமும் தையல் தெரியாமல் ஒட்டப்பட்டிருக்கும். சுயமுன்னேற்றப் பேச்சு நமக்குப் புதிதில்லை. அப்துற் றஹீமின் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு, எம்.எஸ். உதயமூர்த்தியைப் படித்து வேலையை விட்டுத் தொழில் தொடங்கியவர்கள் உண்டு. ஆனால் உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ புத்தகத்தைப் படிக்கச் சில மணி நேரம் உட்கார வேண்டும், பிடிக்காத பக்கத்தையும் கடந்தாக வேண்டும், நடுவில் வாதாட இடமிருக்கும். வெட்டியெடுத்த முப்பது நொடியில் எஞ்சுவது வெற்றிக்குப் பிறகான காட்சி மட்டும். அந்தக் காட்சியின் விளைவு என்ன என்பதை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேப்ரியேலே எட்டிங்கன் ஹீதர் கேப்ஸுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வரும் வாரம் பிரமாதமாக அமையப்போகிறது என்று கற்பனை செய்யச் சொல்லப்பட்டவர்கள், மற்றவர்களைவிடத் தெம்பு குறைந்து, அந்த வாரத்தில் குறைவாகவே சாதித்தார்கள். வேறொரு சோதனையில் இனிய கற்பனைக்குப் பின் இரத்த அழுத்தமே இறங்கியது. மனம் அடைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்போது உடம்பு எழுந்து நிற்க எதற்காக மெனக்கெட வேண்டும்? சிங்கம் நடந்து முடித்ததும் பார்ப்பவருக்குக் கிடைக்கும் அந்த இதமான நிறைவுதான் சந்தேகத்துக்குரியது.

சொற்பொழிவு வேண்டாம், செய்முறை பார்க்கிறேன் என்பவர்களும் உண்டு. ஐந்தே நிமிடத்தில் மேசையை ஒழுங்குபடுத்தும் காணொளி, எக்செல் குறுக்குவழி, காலை ஐந்து மணிக்கு எழுந்து குளித்துப் படிக்கும் கல்லூரி மாணவி. இவை பேச்சைவிட மேல் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இவற்றிலும் ஒரு பொறி இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டாஸும் எட் ஓ’பிரையனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மேசைமேல் தட்டும் கோப்பையும் அசையாமல் விரிப்பை மட்டும் உருவும் வித்தையைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்குத் தாங்களும் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை கூடியது. மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக் நடையிலும் அம்பெறியும் டார்ட்ஸ் ஆட்டத்திலும் இதையே செய்து, பிறகு உண்மையாகவே செய்துகாட்டச் சொன்னபோது பலமுறை பார்த்தவர்களின் திறமை இம்மியும் கூடியிருக்கவில்லை. இந்த ஆய்வின் அருமையான பகுதி கடைசியில் வருகிறது. கட்டைகளை மேலே எறிந்து பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்களில் சிலருக்கு அந்தக் கட்டைகளைச் சற்று நேரம் கையில் பிடித்துப் பார்க்க மட்டும் கொடுத்தார்கள். அதன் எடை கையில் தெரிந்ததும் பொய் நம்பிக்கை இறங்கிவிட்டது. மேசையை ஒழுங்குபடுத்தும் காணொளியை எட்டாவது முறையாகப் பார்க்கிறவருக்கும் இதே மருந்துதான். ஒரு காகிதக் கட்டைக் கையில் எடுத்துவிட்டால் போதும், காணொளியின் மாயம் வடிந்துவிடும்.

ஆனால் எத்தனையோ பேர் இப்படிப் பார்த்துத்தானே உடற்பயிற்சி தொடங்கினார்கள், முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான்; இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். மனச்சோர்வுக்கான சிகிச்சையில், மனம் தெளிந்த பிறகு செயல் என்று காத்திராமல் சிறு செயலை முதலில் செய்யவைத்து மனத்தைப் பின்னால் வரவைக்கும் முறை ஒன்று உண்டு. நீல் ஜேகப்சன் குழுவின் 1996 ஆய்வு, அறிவாற்றல் சிகிச்சையின் இந்தச் செயல்பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு நிகராகப் பலன் தந்ததைக் காட்டியது. ஆகவே ஒரு காணொளி ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்பிப் பாயை விரிக்க வைத்தால் அது நிஜமான உதவி. அங்கே நடப்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எழுப்பியது தத்துவம் இல்லை. திரையில் ஒருத்தி கைகளை உயர்த்தினாள், பார்த்தவரும் உயர்த்தினார். ஏற்றப்பாட்டின் வேலையை அது செய்தது. கொரியாவில் தொடங்கிப் பரவிய ‘என்னோடு படி’ காணொளிகளில் யாரும் எதுவும் பேசுவதில்லை. ஒருவர் விளக்கொளியில் மணிக்கணக்காகப் படித்துக்கொண்டிருப்பார், பேனா உரசும் ஒலி கேட்கும். லட்சக்கணக்கானோர் அதை ஓடவிட்டுக்கொண்டு தாங்களும் படிக்கிறார்கள். அறிவுரையின் நிழல்கூட இல்லாத இந்தக் காணொளி, ஆள் துணைதான் சரக்கு என்பதை எந்த வாதத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. அது குறுங்காணொளி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பாட்டுக்கும் வாசிப்புக்கும் இல்லாத ஒரு கோளாறு குறுங்காணொளிக்கு உண்டு. அது கண்ணைக் கேட்கிறது. உலக்கை பிடித்தவளுக்குக் காது சும்மா இருந்தது, சுருட்டு சுற்றியவனுக்கும் அப்படியே. பிரிட்டனில் 1940 ஜூனில் பிபிசி வானொலி, போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காக ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்ற அரை மணி நேர இசை நிகழ்ச்சியை நாளுக்கு இரண்டு முறை ஒலிபரப்பத் தொடங்கியது. ‘டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்’ என்ற பாட்டை அதில் ஒதுக்கிவைத்தார்கள். நடுவில் கைதட்ட வேண்டிய பாட்டு அது. தொழிலாளர்கள் ஸ்பானரை வைத்து எந்திரத்தில் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று பயம். வேலைக்கு எந்த உறுப்பு வேண்டுமோ அதைத் தொடக்கூடாது என்ற இந்தச் சின்ன நிதானம் இன்றைய ஏற்பாட்டில் இல்லை. மடிக்கணினிக்காரருக்கு வேலை செய்யும் உறுப்பே கண்தான். எனவே குறுங்காணொளி வேலையோடு போக முடியாது. வேலைக்கு முன்னாலோ நடுவிலோதான் வர முடியும். நடுவில் வந்தாலும் கெடுதல் இல்லை, அது முடிகிற பட்சத்தில். பத்து நிமிடத்துக்கு உட்பட்ட சிற்றிடைவேளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அவை அயர்ச்சியைக் குறைத்துத் தெம்பைக் கூட்டுகின்றன என்கிறது. வேலையின் தரத்தை அவை பொதுவாக உயர்த்திவிடவில்லை. மூளையை அதிகம் கேட்காத வேலைகளில் மட்டும் பலன் தெரிந்தது. கரப்பான்பூச்சி சொன்னதற்கு வெகு தூரத்தில் இல்லை இது.

அந்தக் காணொளி எப்போது முடிகிறது? நம் வானொலியிலும் குறுகிய பேச்சு இருந்தது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் சென்னை வானொலியில் காலை வேளையில் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’ சில நிமிட நிகழ்ச்சிதான். ஒரு செய்தி, ஒரு கதை, கடைசியில் முகத்தில் சிரிப்பே காட்டாத குரலில் ஒரு நகைச்சுவை. தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டே கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். அடுத்த தகவல் வேண்டுமென்றால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். தலைப்பிலேயே ‘ஒரு’ என்று எண்ணிக்கை குறிக்கப்பட்டிருந்தது! சுருக்கம் புதுமை இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், முடிவின்மைதான் புதுமை. பக்கம் முடியாமல் கீழே கீழே ஓடிக்கொண்டேயிருக்கும் அமைப்பை 2006இல் வடிவமைத்த ஏஸா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். ஒரே மாதிரியான காணொளிகளை அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் மேலும் அதே மாதிரிக் காணொளியைத் தேர்ந்தெடுப்பது கூடுகிறது என்று 2022இல் கெய்ட்லின் வூலியும் மரிஸ்ஸா ஷரிஃபும் காட்டினார்கள். ஆக, உற்சாகப் பேச்சு உற்சாகப் பேச்சுக்கே வழிகாட்டும், வேலைக்கு இல்லை. இதனால் அலுப்பாவது தீருகிறதா என்றால் அதுவும் கிடையாது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் 2024இல் வெளியிட்ட சோதனைகளில், காணொளிகளைத் தாவித் தாவிப் பார்த்தவர்களுக்கு ஒன்றையே உட்கார்ந்து பார்த்தவர்களைவிட அலுப்பு அதிகமாக இருந்தது. தாவினால் அலுப்புத் தீரும் என்றுதான் பங்கேற்றவர்கள் முன்கூட்டி எதிர்பார்த்திருந்தார்கள்.

நேர வரம்பு வைத்துக்கொள்ளும் வசதி செயலியிலேயே இருக்கிறது, கட்டுப்பாடு நம் கையில்தானே என்பது எஞ்சியிருக்கும் ஆட்சேபம். இருக்கிறது. வரம்பு வந்ததும் ஓர் அறிவிப்பு எழும், விரலால் ஒரு தட்டுத் தட்டினால் மறையும். மன உறுதி குறைந்துபோன நேரத்தில்தான் ஒருவர் அங்கே போகிறார். அந்த நேரத்தில் மன உறுதியைக் கேட்கும் கருவியைக் கையில் கொடுப்பதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. தவிர, இது தனிமனித ஒழுக்கம் சார்ந்த பிரச்சினை மட்டுமல்ல. வேலை வீட்டுக்கு வந்தபோது நிறுவனங்களுக்கு வாடகை மிச்சம், பஸ் மிச்சம், பேன்ட்ரிக் காபி மிச்சம். பக்கத்து இருக்கைக்காரரின் இருப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்து காணாமல் போயிற்று. சிலர் அதற்குப் பதிலாக ஊழியரின் திரையைப் படம்பிடிக்கும் மென்பொருளை வைத்தார்கள். கண்காணிப்பைத் துணை என்று தப்பாக எண்ணிக்கொண்டார்கள் போலும். இழந்ததை ஊழியர் விளம்பரக் கம்பெனியிடம் தன் நிமிடங்களைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். அமெரிக்காவில் 1934இல் தொடங்கிய மியூசாக் நிறுவனம் அலுவலகங்களுக்கு இசை விற்றபோது அதிலும் தொழிலாளிக்குச் சொல் இல்லை. ஆனாலும் கால் மணி நேரம் படிப்படியாகத் துடிப்பு ஏறும் இசை, பிறகு கால் மணி நேரம் மௌனம் என்று அவர்கள் வகுத்திருந்தார்கள். வேலை நடக்க வேண்டுமென்ற அக்கறை வாங்கிய முதலாளிக்கு இருந்ததால் அந்த மௌனம் இருந்தது. ரீல்ஸை நடத்துகிறவருக்கு நம் வேலை நடக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

லைக் போடுவதும் தள்ளிவிடுவதும் வாக்களிப்பதுதானே, ஹவானாத் தொழிலாளிக்கு இருந்த உரிமை இன்னும் கூடுதலாக நமக்கு இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். லைக் அடுத்து வருவதை மாற்றும். அடுத்தது வேண்டாம் என்று சொல்லும் வழி அதற்குள் கிடையாது. டாம்பாவின் ஆலை முதலாளிகள் 1931இல் லெக்டர்களின் மேடைகளை அகற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. மேடை இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி வந்தது. அதற்கு அவர்கள் கூலியிலிருந்து காசு போட வேண்டியிருக்கவில்லை. எதை வைப்பது, எப்போது நிறுத்துவது என்று யாரும் அவர்களைக் கேட்கவுமில்லை.